மலைச்சாலைச் சரிவுகளில் புல் நடுவது பற்றி

நீலகிரியில் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் சரிந்து விழுந்த மண்ணை அள்ளுவதும், அதே இடத்தில் தாங்குசுவர் எழுப்ப மதிப்பீடு தயாரிப்பதும் வழக்கமாகிவிட்டன. சுவர் கட்டியே தீர வேண்டிய இடங்கள் உண்டு என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தச் சுவருக்கு மேலே பத்து, இருபது அடி உயரத்துக்குச் செம்மண் வெறுமையாக நிற்கும்போது, அந்தப் பரப்பைப் பற்றி மதிப்பீட்டில் ஒரு வரிகூட இல்லாமல் போவதுதான் என்னைத் தொடர்ந்து வருத்துகிறது. மலைச்சாலைப் பணிகளில் மேற்பார்வையாளராக நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். சரிவில் நடப்படும் புல்லைக் கல், சிமென்ட், இரும்பு ஆகியவற்றுக்கு நிகரான கட்டுமானப் பொருளாகக் கருத வேண்டும் என்பதும், அப்படிக் கருதினால் அதற்குரிய காலத்தையும் அளவையும் தரச் சோதனையையும் பணத்தையும் ஒதுக்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

முதலில் இந்த மலையின் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீலகிரியின் அடியில் இருப்பது சார்னோகைட் என்னும் கடினமான பாறை. நீண்ட காலமாக மழையும் வெப்பமும் அதை மேலிருந்து சிதைத்து, பல இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண்ணாகவும், அதற்குக் கீழே வெளிறிய களிமண்ணாகவும் மாற்றியிருக்கின்றன. காய்ந்திருக்கும்போது இந்த மண் செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். வெட்டிய அன்று அதைப் பார்ப்பவருக்கு அது பாறையைப் போல உறுதியானது என்றே தோன்றும். மண் துகள்களுக்கு இடையே மெல்லிய படலமாக இருக்கும் ஈரம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்திருப்பதே அந்த உறுதிக்குப் பெரும் காரணம். தொடர் மழையில் துளைகள் முழுவதும் நீரால் நிரம்பும்போது அந்த இழுவிசை மறைந்துவிடுகிறது, மண்ணின் எடை கூடுகிறது, துளைகளுக்குள் நீரழுத்தம் உயர்ந்து துகள்களை விலக்கத் தொடங்குகிறது. சாலைக்காக அடிவாரத்தை ஏற்கெனவே வெட்டி எடுத்திருப்பதால் மேலே உள்ள மண்ணைத் தாங்க எதுவும் இருப்பதில்லை.

இது எவ்வளவு பெரிய இழப்பாக முடியும் என்பதை இந்த மாவட்டம் அறியும். 1993 நவம்பரில் குன்னூர் - மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் அருகே நிகழ்ந்த சரிவு சாலையை அடித்துச் சென்று பல உயிர்களைப் பறித்தது. 2009 நவம்பரில் கேத்தியில் மட்டும் ஒரே நாளில் 820 மி.மீ. மழை பதிவானது, சென்னை நகரம் ஓராண்டில் பெறும் சராசரி மழையில் பாதிக்கும் அதிகமான நீர் அது. சில நாட்களுக்குள் மாவட்டம் முழுவதும் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அப்படிப்பட்ட மழையில் புல் நட்டிருந்தால் எல்லாம் நின்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆழத்தில் வழுக்குப் பரப்பு உருவாகி ஒரு மலைப்பகுதியே நகரும்போது எந்த வேரும் அதைத் தடுக்காது. ஆனால் சாலைகளை மூடும் சரிவுகளில் மிகப் பல, மேற்பரப்பிலிருந்து ஒன்று அல்லது ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குள் நிகழும் சிறு சரிவுகளே. அந்த ஆழம் வேர்களின் எல்லைக்குள் இருக்கிறது.

தாவரம் ஒரு சரிவுக்குச் செய்யும் உதவி ஒன்றல்ல. இலைகள் மழைத்துளியின் வேகத்தைக் குறைக்கின்றன. மழைத்துளி நேரடியாக வெறும் மண்ணில் மோதுவதே மண்ணரிப்பின் தொடக்கம் என்பதைச் சாலைப் பணியில் பலர் கவனிப்பதில்லை. நெருக்கமாக வளர்ந்த தண்டுகள் மேலிருந்து ஓடிவரும் நீரை மெதுவாக்கி, அது சுமந்துவரும் வண்டலை அங்கேயே நிறுத்துகின்றன. வேர்கள் மண்ணுக்குள் இழுவிசையைத் தாங்கும் நார்களாகப் பரவி, கான்கிரீட்டுக்குள் கம்பி செய்யும் வேலையைச் செய்கின்றன. வெயில் நாட்களில் செடி தொடர்ந்து நீரை உறிஞ்சி வெளியேற்றுவதால் அடுத்த மழைக்கு மண் சற்று உலர்ந்த நிலையில் தயாராக இருக்கிறது. இவற்றில் எந்த வேலை எந்தச் சரிவுக்குத் தேவை என்பதை முடிவு செய்த பிறகே எந்தச் செடி என்று கேட்க வேண்டும். மண் கொட்டி உயர்த்திய நிரப்புச் சரிவில் மேற்பரப்பு மட்டும் அரித்துச் செல்லுமானால் அருகம்புல் போதும். அது நிலத்தோடு படர்ந்து போர்த்திவிடும். ஓரடிக்குக் கீழேயும் பிடிமானம் வேண்டும் என்றால் அருகம்புல்லால் முடியாது, அங்கே வெட்டிவேர் வேண்டும்.

வெட்டிவேரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் நம் வீடுகளில் தண்ணீர்ப் பானைக்குள்ளும் சன்னல் தட்டியிலும் இருக்கும் இந்தப் புல்லின் பொறியியல் மதிப்பை நம்மைவிட மற்ற நாட்டவரே அதிகம் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். நல்ல மண்ணும் ஈரமும் கிடைத்தால் அதன் வேர் முதல் ஆண்டிலேயே மூன்று மீட்டர் வரை நேர்கீழாக இறங்கக்கூடியது. பக்கவாட்டில் அதிகம் பரவாததால் அருகிலுள்ள தேயிலைக்கோ காய்கறிக்கோ பெரிய போட்டியாக இருப்பதில்லை. மலேசிய நெடுஞ்சாலைச் சரிவுகளில் இதைப் பயன்படுத்திய தாய்லாந்துப் பொறியாளர் தித்தி ஹெங்சாவோவனிச் 1990களில் செய்த சோதனைகளில், இதன் வேரின் சராசரி இழுவலிமை ஏறத்தாழ 75 மெகாபாஸ்கல் என்று கண்டார். ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிந்த ஒரு புல்வேர், மென் எஃகின் வலிமையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கைக் கொண்டிருக்கிறது என்பது இதன் பொருள். அந்த வேர்கள் ஒரு தூருக்கு நூற்றுக்கணக்கில் இறங்கும்போது சரிவின் மேற்பகுதி முழுவதும் கீழே உள்ள உறுதியான மண்ணோடு தைக்கப்படுகிறது.

1980களில் உலக வங்கிக்காக இந்தியாவில் பணியாற்றிய ஜான் கிரீன்ஃபீல்டும் ரிச்சர்டு கிரிம்ஷாவும் இதை மண்காப்பு முறையாக உலகம் முழுவதும் கொண்டு சென்றார்கள். கிரீன்ஃபீல்டு அதற்கு முன்பே, 1950களில், ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் இதைப் பயன்படுத்தியிருந்தார். இந்தியாவில் அவர்கள் கண்ட வாழும் சான்றுகளில் ஒன்று, முதுமலைக் காட்டைத் தாண்டி மைசூரு செல்லும் வழியில் உள்ள குண்டலுப்பேட்டைப் பகுதி. அங்குள்ள உழவர்கள் தலைமுறைகளாகத் தம் வயல் வரப்புகளில் வெட்டிவேரை வேலியாக வைத்திருந்தார்கள். பிறகு தாய்லாந்தில் மன்னர் பூமிபால் இதை நாடு தழுவிய திட்டமாகவே ஆக்கினார். வெட்டிவேருக்கான முதல் பன்னாட்டு மாநாடு 1996-இல் அந்நாட்டின் சியாங் ராய் நகரில் நடந்தது. ஊட்டியிலிருந்து சில மணி நேரத்தில் சென்றுவிடக்கூடிய குண்டலுப்பேட்டையின் அறிவு உலகைச் சுற்றி வந்த பிறகும் நம் மலைச்சாலைகளில் அரிதாகவே காணப்படுகிறது என்பதை என்னால் எளிதாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நடும் முறையில் நுணுக்கம் இருக்கிறது. தூரைப் பிரித்து, இரண்டு மூன்று தண்டுகள் கொண்ட நாற்றாக எடுத்து, இலையை ஓரடிக்கும் குறைவாக வெட்டிவிட்டு, 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் ஒரே மட்டக் கோட்டில் நட வேண்டும். அடுத்த வரிசை செங்குத்தாக அளந்தால் ஒன்று முதல் இரண்டு மீட்டர் கீழே இருக்க வேண்டும். சரிவில் வரிசையைக் கண்ணால் குறிக்கக் கூடாது. ஏ வடிவச் சட்டமோ, தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயோ கொண்டு மட்டம் பார்த்தே குறிக்க வேண்டும். ஒரு வரிசையில் ஓரிடம் மட்டும் தாழ்ந்திருந்தால் நீர் முழுவதும் அங்கே கூடி, அந்த இடத்தை உடைத்துக்கொண்டு பாயும். நடுவில் ஐந்தாறு நாற்றுகள் பட்டுப்போனாலும் இதே விளைவுதான். இடைவெளி இல்லாத வேலியாக அது மூடிக்கொள்ளும் வரை வெட்டிவேர் சரிவைக் காக்கத் தொடங்குவதில்லை, ஆகவே நட்ட சில வாரங்களில் சென்று பார்த்துப் பட்டுப்போன நாற்றுகளுக்குப் பதில் நடுவதுதான் முழு வேலையிலும் முக்கியமான பகுதி.

எந்த நாற்று என்பதும் முக்கியம். தென்னிந்திய வகை வளரும் விதைகளை உண்டாக்குவதில்லை. தூரைப் பிரித்து நட்டால் மட்டுமே பரவும், ஆதலால் பக்கத்து நிலங்களில் களையாகப் போகாது. வட இந்தியாவில் தானாக வளரும் வகை விதை மூலம் பரவக்கூடியது. அதைக் கொண்டுவந்து நடக் கூடாது. கடலூர் மாவட்டக் கடலோர மணற்பகுதியில் வாசனை எண்ணெய்க்காக வெட்டிவேரைப் பயிரிடும் உழவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடமிருந்து நாற்று பெறுவது கடினமல்ல. ஆனால் அங்கே வேரைத் தோண்டி எடுப்பதே அறுவடை. சாலைச் சரிவில் நட்டதை வேருக்காக ஒருவரும் தோண்டக் கூடாது. தோண்டினால் சரிவு நடுவதற்கு முன்பு இருந்ததைவிட மோசமான நிலைக்குப் போகும். இதைப் பக்கத்து ஊர் மக்களிடம் நடும் நாளிலேயே விளக்கிச் சொல்லிவிடுவது நல்லது.

உயரம் ஏற ஏற வெட்டிவேரின் வேகம் குறைகிறது. கல்லாறிலிருந்து பர்லியாறு வரையிலான வெப்பமான பகுதியில் அது மகிழ்ச்சியாக வளரும்; குன்னூர், கோத்தகிரி உயரத்தில் மெதுவாக வளர்ந்தாலும் நிலைத்துவிடும். 2,200 மீட்டரைத் தாண்டும் ஊட்டிச் சுற்றுவட்டாரத்தில் டிசம்பர், ஜனவரி உறைபனி இலையைக் கருக்கிவிடும், நிழலும் மூடுபனியும் சேர்ந்தால் வேலி மூடுவதற்கு மிக நீண்ட காலம் பிடிக்கும். அங்கே நான் வேறு வழியைப் பரிந்துரைப்பேன். ஊட்டியில் எங்கும் பரவியிருக்கும் கிக்குயுப் புல் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மண்ணை நன்றாகப் போர்த்தும் என்றாலும், இயற்கைப் புல்வெளிகளுக்கு அருகில் அதை நட நான் ஒப்பமாட்டேன். சோலைக்காடுகளை ஒட்டிய நம் புல்வெளிகளில் வெட்டிவேரின் பேரினமான கிரைசோபோகனைச் சேர்ந்த தூர்ப்புற்கள் இயல்பாகவே இருக்கின்றன. அவற்றோடு குறிஞ்சிச் செடிகளும் சேர்ந்து, உறைபனியையும் பெருங்காற்றையும் தாங்கி அந்தச் சரிவுகளை நெடுங்காலமாகக் காத்துவருகின்றன. அவற்றின் நாற்றங்கால்களைச் சாலைப் பணிக்காகவே உருவாக்குவது மெதுவான வேலைதான், ஆயினும் செய்யத்தக்க வேலை.

எந்தப் புல்லை நட்டாலும் அதற்கு முன் நீருக்கு வழி செய்தாக வேண்டும். சரிவின் தலைப்பகுதியில் நீரை இடைமறிக்கும் வடிகால் இல்லாமல், மேலே உள்ள தோட்டத்தின் நீரும் வீடுகளின் கழிவுநீரும் சரிவுக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருக்கும்போது புல் நடுவது வீண்செலவு. இங்கே நேபாளத்தின் அனுபவம் நமக்கு மிகவும் பயன்படும். அந்நாட்டின் சாலைத் துறை 1980களிலிருந்து மலைச்சாலைச் சரிவுகளில் தாவரங்களைப் பொறியியல் முறையாகவே பயன்படுத்திவருகிறது. ஒரு சரிவில் விழுவதைப் பிடித்து நிறுத்துவது, மேற்பரப்பைக் கவசமாக மூடுவது, மண்ணுக்குள் வலுவூட்டுவது, கீழிருந்து தாங்குவது, ஆழத்தில் நங்கூரமிடுவது, நீரை வடியச் செய்வது என ஆறு பணிகளாக அவர்கள் இதைப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய செடியையும் கட்டுமானத்தையும் சேர்த்தே திட்டமிடுகிறார்கள். மட்டக் கோட்டில் நடும் புல் நீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும் என்பதால், வறண்ட சரிவுக்கு அது நல்லது. ஆனால் நீர் வடியாத களிமண் சரிவில் அதே வரிசை மண்ணை ஊறவைத்துச் சரிய வைக்கலாம். அத்தகைய இடங்களில் புல்லைச் சாய்வரிசையாகவோ மேலிருந்து கீழாகவோ நட்டு நீரை விரைந்து வெளியேற்றுகிறார்கள். எல்லாச் சரிவுக்கும் ஒரே வரைபடத்தைப் பயன்படுத்தும் நம் வழக்கத்துக்கு இது ஒரு முக்கியமான திருத்தம். அவர்கள் பெரிதும் நடும் துடைப்பப் புல்லின் பூங்கதிர் துடைப்பமாகவும் இலை தீவனமாகவும் ஊர் மக்களுக்குக் கிடைப்பதால், அதைக் காப்பதில் மக்களுக்கே அக்கறை இருக்கிறது.

விதைத்த நாளுக்கும் வேர் பிடிக்கும் நாளுக்கும் இடையே உள்ள மாதங்களில் சரிவைக் காப்பது யார் என்ற கேள்விக்குத் தென்னை நார் வலை நல்ல விடை. பொள்ளாச்சிப் பகுதியில் கயிறு தொழிற்சாலைகள் நிறைந்திருக்க, நமக்கு இது எளிதில் கிடைக்கிறது. நாரில் எளிதில் மட்காத லிக்னின் என்னும் பொருள் மிகுதியாக இருப்பதால் வலை இரண்டு மூன்று ஆண்டுகள் மட்காமல் நிற்கும். அதற்குள் புல் தன் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும், வலை மண்ணோடு உரமாகிவிடும். இதற்கான இந்தியத் தரக்குறிப்புகள், ஐ.எஸ். 15869, ஐ.எஸ். 15872 என்று 2008, 2009 ஆண்டுகளிலேயே வந்துவிட்டன. சாலையோரச் சரிவுகளின் மண்ணரிப்பைத் தடுப்பதற்கான இந்தியச் சாலைக் காங்கிரசின் ஐ.ஆர்.சி. 56 வழிகாட்டி அதற்கும் மிகப் பழையது; 1974-இல் முதலில் வெளிவந்து 2011-இல் திருத்தப்பட்டது. ஆகவே விதிமுறை இல்லை என்று எந்தப் பொறியாளரும் சொல்ல முடியாது. வலையை விரிக்கும்போது அது மண்ணை எல்லா இடத்திலும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், மேல் விளிம்பைச் சிறு பள்ளம் வெட்டிப் புதைக்க வேண்டும் என்ற இரண்டை மட்டும் மேற்பார்வையாளர் விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

45 பாகைக்கு மேல் செங்குத்தாக வெட்டப்பட்ட சரிவில் புல் மட்டும் நிற்காது. அண்மை ஆண்டுகளில் மாநில நெடுஞ்சாலைத் துறை நீலகிரியின் சில சாலைகளில், மண்ணுக்குள் துளையிட்டு எஃகுக் கம்பிகளைச் செலுத்திச் சிமென்ட் கலவையால் நிரப்பி, மேலே வலை போர்த்தி, அதன்மீது விதை, உரம், நார்க்கூழ், பசை ஆகியவற்றை நீரில் கலந்து பீய்ச்சும் முறையைக் கையாண்டுள்ளது. ஆழத்துக்குக் கம்பி, மேற்பரப்புக்குப் புல் என்ற இந்தப் பங்கீடு சரியானது, வரவேற்கத்தக்கது. கான்கிரீட்டை மட்டும் பூசி மூடிவிட்டால் உள்ளே சேரும் நீர் வெளியேற வழியின்றி அழுத்தம் கூடும். புல் மூடிய பரப்பில் அந்த அபாயம் குறைவு.

மரங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சாலைக்கு நேர் மேலே, செங்குத்துச் சரிவின் விளிம்பில் உயரமான மரத்தை நட்டால், அதன் எடையும் காற்றில் அது ஆடும்போது ஏற்படும் நெம்புவிசையும் மண்ணைத் தளர்த்தும். மழைக்காலத்தில் சீகை எனப்படும் வாட்டில் மரங்கள் வேரோடும் மண்ணோடும் சாலையில் விழுவதை இங்குள்ள எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அதற்காக ஒரே நாளில் அனைத்தையும் வெட்டித் தள்ளுவதும் ஆபத்தானது. வெட்டிய மரத்தின் வேர்கள் மண்ணுக்குள் மெல்ல மக்கி, சில ஆண்டுகளில் தம் பிடியை முற்றிலும் இழக்கின்றன, சரிவு மிகவும் வலுவிழந்திருப்பது அப்போதுதான். மரத்தை அகற்றுவதற்கு முன்பே கீழே புல்லையும் புதர்ச்செடிகளையும் நிலைக்கவைத்து, பகுதி பகுதியாக அகற்றுவதே முறை. அடித்தண்டை வெட்டி எடுக்கலாம், வேர்க்கட்டையைத் தோண்டி எடுக்கவே கூடாது.

சமவெளியில் பாலங்களை நோக்கி உயர்ந்து செல்லும் சாலைக் கரைகளிலும் இதே கேள்வி வேறு வடிவில் வருகிறது. அங்கே பெரும் சரிவு அரிது. சாலையின் விளிம்பில் கூடும் மழைநீர் ஓரிடத்தில் இறங்கி, கரையில் ஆழமான ஓடைகளை அறுத்துவிடுகிறது. அந்த நீரைக் கான்கிரீட் சரிவாய்க்கால்களில் இறக்கி, இடைப்பட்ட பரப்பை அருகம்புல்லால் மூடினால் பெரும்பாலும் போதுமானது. ஏரிக்கரைகளில் பனை வைத்தும் புல்லைக் காத்தும் மண்ணை நிறுத்தியவர்கள் நம் முன்னோர். கரைப் பாதுகாப்பு நமக்குப் புதிய அறிவல்ல.

இவ்வளவு தெரிந்திருந்தும் ஏன் தோற்கிறோம் என்பதற்கு என் அனுபவத்தில் ஒரே பெரிய காரணம் காலமும் பணமும் பொருந்தாமல் போவது. ஒரு மலைச்சாலையில் நான் பார்த்த பணி இது: ஒப்பந்தப்படி புல் நடுதல் கடைசி வேலை, சாலைப் பணி மழைக்குப் பிறகு முடிந்ததால் நடவு டிசம்பரில் நடந்தது. அளவெடுத்த அன்று வரிசைகள் பசுமையாக இருந்தன, தொகை கொடுக்கப்பட்டது. மார்ச்சுக்குள் ஏறக்குறைய எல்லாம் காய்ந்துவிட்டன. அடுத்த மழையில் மண் இறங்கியபோது, புல்லெல்லாம் இங்கே சரிப்படாது என்ற முடிவுக்கு அனைவரும் வந்தார்கள். ஒருவரும் விதியை மீறவில்லை. ஒப்பந்தமே தவறாக எழுதப்பட்டிருந்தது.

சரியான ஒப்பந்தத்தில் நடவுக்கு ஒரு பங்கு, முதல் மழை முடிந்தபின் உயிரோடிருக்கும் வரிசை நீளத்துக்கு ஒரு பங்கு, இரண்டாம் மழை முடிந்தபின் இடைவெளியின்றி மூடிய வேலிக்கு ஒரு பங்கு எனத் தொகையைப் பிரிக்க வேண்டும். நடவை இங்குள்ள மழைக்கேற்பக் குறிப்பிட வேண்டும். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் அடைமழை அக்டோபருக்குப் பிறகே என்பதால், கோடை மழையோடு மே மாதத்தில் தொடங்கி ஜூனுக்குள் நட்டுவிட்டால் வேருக்கு நான்கைந்து மாதங்கள் கிடைக்கும். தென்மேற்குப் பருவமழை நேரடியாகத் தாக்கும் கூடலூர்ப் பக்கத்திலும் அவலாஞ்சிப் பக்கத்திலும் ஜூனில் நட்டால் நாற்று அடித்துச் செல்லப்படும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மி.மீ. பெய்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே செப்டம்பரில் மழை தணிந்ததும் நட்டு, அடுத்த ஜூனுக்குள் வேலியை மூட வைக்க வேண்டும், இடையே வரும் கோடையில் நீர் ஊற்றும் செலவையும் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை இலையை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடும் வேலையைச் சாலைப் பணியாளர்களிடமோ, தேயிலைத் தோட்ட வேலையில் கைதேர்ந்த மகளிர் குழுக்களிடமோ ஒப்படைக்கலாம். தேயிலை வரிசைகளை மட்டம் பார்த்து நட்டுப் பழகிய அந்தப் பெண்களைவிடப் பொருத்தமானவர்களை இந்த மலையில் நான் கண்டதில்லை. வெட்டிய இளம் இலை அவர்கள் வீட்டு மாடுகளுக்கும் ஆகும்.

ஒரு கிலோமீட்டர் நீளச் சரிவில் பத்து வரிசை நடுவதற்கே 15 செ.மீ. இடைவெளியில் அறுபத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட நாற்றுகள் வேண்டும். அவற்றை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு தேடத் தொடங்கினால் கிடைக்காது. ஆகவே சாலைப் பணிக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு ஓராண்டு முன்பே, அந்தச் சாலையின் உயரத்துக்கு ஏற்ற இடத்தில், நாற்றங்காலுக்கென்று தனியாக ஒரு சிறு தொகையை ஒதுக்கி வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.